சிறைக்காவலனின் கேள்வி: கொட்டியாறிலிருந்து ஒரு கிருபை விசாரணை

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலைச் சேரும் பக்கமாக விரிந்து கிடப்பது கொட்டியாறுக் குடா. அதன் கரையில் மூதூர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் இந்தக் குடாவை நோக்கி வந்தது. மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பெரும் பாய்மரத்தை இழந்திருந்த கப்பல் அது. புது மரம் வெட்டிப் பொருத்தவும், அப்படியே கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் கிழக்கிந்தியக் கம்பனியார் அதை இங்கே அனுப்பியிருந்தார்கள். கப்பல் தலைவரின் பெயர் ரொபர்ட் நொக்ஸ். உடன் வந்த மகனுக்கும் அதே பெயர், வயது 19. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் கப்பலாட்கள் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அவர்கள் பிடிபட்டார்கள் என்பது ஊர் வழக்கு. மகன் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். இலங்கை வரலாற்றை எழுதும் எவரும் அதைத் தொடாமல் போவதில்லை.

அந்த நூலில் ஆய்வாளர்கள் வயலையும் வரியையும் சாதியையும் அரண்மனையையும் தேடியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு புரட்டஸ்தாந்து இளைஞனின் ஆன்மக் கணக்கேடும்கூட. மனிதன் மீட்கப்படுவது இறைவனின் கிருபையாலா, தான் செய்யும் நற்கிரியைகளாலா என்று ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த கேள்வி, அதில் ஓடைக்கரை ஒன்றில் வந்து நிற்கிறது. நொக்ஸ் கிருபையின் பக்கம் நின்றார். அந்த நிலைப்பாடு அவர் வாழ்வில் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்று பார்த்தால், திருகோணமலைப் பகுதியின் பிற்காலக் கிறிஸ்தவ வரலாற்றையும் வேறு கண்ணால் படிக்க முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொப்பிக்குக் கிடைத்த வேதாகமம்

பிடிபட்ட நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்ல வேண்டும். கரையில் தடுத்து வைக்கப்பட்ட தந்தை, கப்பலை ஆபத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று ஆட்களை எச்சரிக்க மகனைக் கப்பலுக்கு அனுப்பினார். செய்தி சொல்லிவிட்டுத் தன்னிடமே திரும்பி வரவேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். கப்பலில் ஏறிய மகன் அங்கேயே தங்கியிருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் திரும்பி வந்தார். பத்து மாதங்களில், 1661 பெப்ரவரியில், தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். உடன் இருந்த வேலைக்காரப் பையனின் உதவியோடு மகனே குழிதோண்டி அடக்கம் செய்தார்.

அவரிடம் அப்போது இருந்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று லூயிஸ் பெய்லி என்ற ஆயர் எழுதிய பக்திப் பயிற்சி நூல். மற்றது ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்ற தூய்மைவாதப் போதகரின் ஆன்மிக ஆய்வுரைகள். காலையில் எப்படி எழுவது, எப்படி ஜெபிப்பது, எப்படித் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது என்று நாளை மணிக்கணக்காகப் பங்கிட்டுக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தவை இவை. கிருபையாலேயே மீட்பு என்று நம்பியவர்களே இத்தனை ஒழுங்குவிதிகளையும் எழுதினார்கள் என்பது இந்த விவாதத்தின் பழைய சிக்கல். இதே பெய்லியின் நூலை ஜான் பனியனின் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தார். 'மோட்சப் பிரயாணம்' வழியாகவும், அதைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' வழியாகவும் தமிழருக்கு அறிமுகமான அதே பனியன், நொக்ஸ் பிடிபட்ட 1660ஆம் ஆண்டிலேயே பெட்போர்ட் சிறைக்குப் போனார். ஒரே நூலைப் படித்த இரண்டு கைதிகள், ஒருவர் இங்கிலாந்திலும் ஒருவர் கண்டி நாட்டிலுமாக ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், இந்த வெள்ளையனுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று பையனிடம் கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த 1656ஆம் ஆண்டில் தன் கைக்கு வந்த நூல் ஒன்றைப் பிறகு கொண்டுவந்தார். அது ஆங்கில வேதாகமம். நொக்ஸிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு பகோடா நாணயம். அதையும் கொடுத்துவிட அவர் தயாராக இருந்தார். பையன் தடுத்தான். பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்துக் காரியத்தை முடித்தான்.

நூலைத் திறந்தபோது கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தின் 30, 31ஆம் வசனங்கள் என்று நொக்ஸ் குறித்து வைத்திருக்கிறார். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறக்கின்றன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துத் தற்கொலைக்குத் துணிந்த காவலன், எவரும் போகவில்லை என்று கண்டு நடுங்கி விழுந்து, மீட்படைய நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். விசுவாசித்தால் போதும் என்கிறார் பவுல். கேள்வி செயலைப் பற்றியது. பதில் விசுவாசத்தைப் பற்றியது. லூத்தரன்களும் கல்வினியரும் தங்கள் முழுக் கோட்பாட்டையும் இந்த ஒரு கேள்வி பதிலுக்குள் படித்தார்கள். ஆலயமோ போதகரோ திருவிருந்தோ இல்லாத ஒரு மலைநாட்டுக் கைதிக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைத்திருக்க முடியாது. அவரால் செய்யக்கூடிய சமயக் கடமை எதுவும் அங்கே இல்லை. பெற்றுக்கொள்வது மட்டும் முடியும்.

இரண்டு வசனம் தள்ளி

ஆனால் அந்தக் காவலனின் கதை 31ஆம் வசனத்தோடு முடியவில்லை. 33ஆம் வசனத்தில், அதே இராத்திரி, அவன் கைதிகளின் காயங்களைக் கழுவுகிறான். அடுத்த வசனத்தில் வீட்டுக்கு அழைத்துப்போய் உணவு வைக்கிறான். முதல்நாள் அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவனே. காயம் கழுவியதற்காக அவன் மீட்கப்பட்டான் என்று கதை சொல்லவில்லை. மீட்கப்பட்டபின் அவனால் அந்தக் காயங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிருபைக்கும் கிரியைக்கும் இடையிலான நீண்ட வழக்கு இந்த இரண்டு வசன இடைவெளிக்குள் நடந்ததுதான். 1547இல் திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில், மீட்பின் தொடக்கம் இறைவனின் அருளே என்று ஏற்றுக்கொண்டு, அந்த அருளோடு ஒத்துழைத்துச் செய்யும் நற்செயல்களால் மனிதன் நீதியில் வளர்கிறான் என்றது. 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நற்கிரியை விசுவாசத்தின் கனியும் சான்றும் ஆகும், மன்னிப்புக்கு அது ஈடாகாது என்றது. தமிழிலும் இந்த வழக்கு சூடாகவே நடந்தது. தரங்கம்பாடி லூத்தரன் மிஷனரிகளுக்கு மறுப்பாகக் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் 1728இல் 'வேதவிளக்கம்' எழுதினார். அவருடைய 'லுத்தேரினத்தியல்பு' இன்னும் காரமானது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார்கள்: மீட்பு கிருபையால் மட்டுமே, அந்தக் கிருபையே நற்செயலுக்கு மனிதனை அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் சேர்ந்தது.

சைவ, வைணவ வாசகருக்கு இந்த வழக்கு புதிதல்ல. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல ஆன்மா முயல வேண்டுமா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போலக் கிடந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டார்கள். உமாபதி சிவம் திருவருளுக்கென்றே ஒரு தனி நூல் பாடினார். எனவே திருகோணமலையில் கிருபையைப் பேச வந்தவர்கள் வெற்று நிலத்தில் விதைக்கவில்லை. அருள் என்றால் என்ன என்று அறிந்த மக்களிடம்தான் பேசினார்கள்; அம்மக்கள் கோட்பாட்டோடு, பேசுபவரின் கணக்கு வழக்கையும் கவனித்தார்கள்.

நொக்ஸின் கணக்கு கலவையானது. சிறையிருப்பில் அவர் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாங்கினார். வீடும் தோட்டமும் சேர்த்தார். ஆங்கிலேயக் கைதி ஒருவருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தன் பிள்ளையாக வளர்த்து, தப்பிப் போனபின் தன் உடைமைகளை அவளுக்கே உரிமையாக்கினார். தந்தையிடம் திரும்பியதும் லூசியாவை வளர்த்ததும் எந்தப் பலனையும் எதிர்பாராத செயல்கள். அதே மனிதர், விடுதலைக்குப் பின் கம்பனியின் கப்பல் ஒன்றுக்குத் தலைவரானார். 1680களின் நடுவில் மடகஸ்காருக்குப் போய் அடிமைகளை வாங்கிச் செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றிச் சென்றார். 19 ஆண்டுகள் கைதியாய் இருந்தவர், இப்போது கைதிகளைக் காவல் காக்கும் இடத்தில்.

அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அவர் போற்றிய வசனம் அப்படிக் கடக்க விடவில்லை. ஓடைக்கரையில் அவர் தன்னைச் சிறைக்காவலனின் இடத்தில் வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார். உண்மையிலேயே காவலனாக நின்றபோது அவன் செய்ததைச் செய்யவில்லை. கிருபை தனக்குக் கிடைத்த சொத்து என்ற அளவில் நின்றுவிட்டால், அயலானின் காயம் கண்ணில் படாமலே போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாக்கோபு நிருபம் கிரியையில்லாத விசுவாசத்தைச் செத்தது என்று கண்டிப்பதும் இதைத்தான்.

தோம்பில் ஏறிய விசுவாசம்

இதற்கு எதிர்த்திசையிலும் தவறு நடக்கலாம். நொக்ஸ் கண்டி நாட்டில் இருந்த அதே ஆண்டுகளில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அதற்குமுன் 1622இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை கட்டியிருந்தார்கள். கொடுக்க வந்தவர்கள் முதலில் பறித்த ஊரில் இலவசமான கிருபையைப் பேசுவது எளிதல்ல.

ஒல்லாந்தர் செய்தது வேறு மாதிரி. கல்வினிய சபையான அவர்களுடைய திருச்சபை, கிருபையால் மட்டுமே மீட்பு என்று போதித்தது. ஆனால் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. திருமணமும் பிள்ளைப்பேறும் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏற வேண்டும். பதிவு இல்லாவிட்டால் உரிமை வழக்கில் சிக்கல். வினாவிடையை மனப்பாடம் செய்தவருக்கே பதிவு நடந்தது. பள்ளிக்கூட உபாத்தியாயரே தோம்பைக் காத்தார். யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1665 வரை பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ், பள்ளிகளையும் சபைகளையும் பற்றி விரிவாக எழுதியவர். அந்த நிர்வாகத்தின் ஒழுங்கு அவர் நூலில் தெரிகிறது.

பிரசங்க பீடத்தில் கிருபை, தோம்பில் கிரியை என்று அது இரண்டாய் நின்றது. பேச்சில் இலவசம் என்றது, நடைமுறையில் உத்தியோகத்துக்கும் சொத்துக்கும் நுழைவுச் சீட்டு ஆனது. பிரித்தானியர் 1795இல் திருகோணமலையையும் அடுத்த ஆண்டில் கொழும்பையும் கைப்பற்றி இந்தக் கட்டாயங்களைத் தளர்த்தியபோது, தோம்புகளில் இருந்த பெரும் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. கோயில்கள் மறுபடி எழுந்தன. மக்கள் விசுவாசத்தை விட்டுப்போனார்கள் என்று மிஷனரிகள் வருந்தினார்கள். ஒரு விலை நீங்கியது. அந்த விலைக்கு வாங்கப்பட்ட பொருளும் கைமாறியது என்பதே நேரான விளக்கம்.

இந்தக் காலத்தையே வேறொருவர் வாழ்ந்த விதம் ஒப்புநோக்கத் தக்கது. கோவாவைச் சேர்ந்த குரு யோசேப்பு வாஸ் 1687இல் வேடம் மாறி யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டிக்குப் போய், உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். நொக்ஸ் தப்பி 13 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நாட்டில். 1697இல் கண்டியில் வைசூரி பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டு ஓடியபோது, வாஸ் அவர்களைப் பராமரித்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். நோயாளியின் சமயத்தை அவர் விசாரிக்கவில்லை. கிரியைக்கு இடம் கொடுக்கும் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவர் விலையில்லாமல் கொடுத்தார். கிருபை மட்டும் என்ற மரபைச் சேர்ந்த ஆட்சி விலை வைத்தது. யார் எந்தக் கோட்பாட்டுக்கு உரியவர் என்று மட்டும் பார்த்தால் இந்த வரலாறு நமக்குப் பிடிபடாது.

பள்ளிக்கூடம், நீதிமன்றம், நிவாரணம்

1814 ஜூன் 29இல் காலியில் கரையிறங்கிய மெதடிஸ்த மிஷனரிகள் அடுத்த சில ஆண்டுகளில் திருகோணமலையிலும் பணி தொடங்கினார்கள். அவர்களுடைய ஆசான் ஜான் வெஸ்லி, 1738 மே 24இல் உரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையைக் கேட்டு உள்ளம் அனல்பெற்றவர். அதே வெஸ்லி, தீமை செய்யாதே, நன்மை செய், வழிபாட்டு ஒழுங்குகளைக் கைவிடாதே என்று தம் சங்கங்களுக்கு விதிகள் வகுத்தார். 1770இல் நற்செயலின் அவசியத்தை அவருடைய மாநாடு வலியுறுத்தியபோது, கல்வினியத் தோழர்கள் அவர் கிருபையைக் கைவிட்டார் என்று கூச்சலிட்டார்கள். திருகோணமலைக்கு வந்த மெதடிசம் இந்த இழுபறியோடுதான் வந்தது.

அதன் கனி பள்ளிக்கூடம். மெதடிஸ்த பெண்கள் கல்லூரியும், கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரியும் புனித மரியாள் கல்லூரியும் திருகோணமலை நகரின் பல தலைமுறைகளைப் படிக்க வைத்தன. படித்தவர்களில் பெரும்பான்மையோர் சைவர்களாகவே இருந்து, சைவர்களாகவே வேலைக்குப் போனார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் விலை உண்டு என்ற குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்தில் பலமாக எழுந்தது. மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உழைத்த ஆறுமுக நாவலரே, சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்கும் சமயம் மாறுவதைக் கடுமையாகச் சாடினார். திருகோணமலையிலும் 1897இல் தொடங்கிய இந்துக் கல்லூரி ஓரளவு அதற்கான பதில்தான். 1960இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் வந்தது. அதன்பின் பெரும்பாலான இடங்களில் பள்ளியின் பெயரில் மட்டும் சபை எஞ்சியது. சபைகள் அதை இழப்பாகவே கண்டன. இன்னொரு விதத்தில் அது ஒரு விடுதலை: தங்கள் நற்செயலை இனி எவரும் தூண்டில் என்று சொல்ல முடியாது.

அந்தச் சொல் மறுபடி வந்தது, இம்முறை நீதிமன்ற மொழியில். 2003இல், சுவிட்சர்லாந்தின் மென்சிங்கன் நகரைத் தாயகமாகக் கொண்ட திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. போதனையோடு பொருளுதவியும் சேரும்போது, பெறுபவரின் சுதந்திரத் தெரிவு பாதிக்கப்படும் என்று கருதி, அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005 அக்டோபரில், இதில் அக்கன்னியரின் சமயச் சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டன என்று முடிவு செய்தது. இடையில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கட்டாய மதமாற்றத் தடை மசோதாவைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று உயர் நீதிமன்றமே சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியாவும் மூதூரும் மாவட்டத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. உலகெங்கிலும் இருந்து வந்த நிவாரண அமைப்புகளில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. அரிசி மூட்டையோடு துண்டுப்பிரசுரம் வருமா என்ற ஐயம் முஸ்லிம், தமிழ், சிங்களக் கிராமங்கள் எல்லாவற்றிலும் இருந்தது.

கன்னியர் சபை பற்றிய நீதிமன்றத் தீர்மானம் அளவு மீறிப் பரந்துவிட்டது என்பது என் கருத்தும்தான். சேவையையும் சாட்சியையும் சேர்த்து வாழும் உரிமை எந்தச் சமயத்தாருக்கும் உண்டு. ஆனால் அந்த ஐயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது என்பதையும் கிறிஸ்தவர் மறக்கலாகாது. அதைத் தோம்பு எழுதி வைத்திருக்கிறது. ஐயத்துக்குச் சரியான பதில் சட்டத்தில் இல்லை, அவர்களுடைய கோட்பாட்டிலேயே இருக்கிறது. இறைவன் மனிதனிடம் விலை கேட்கவில்லை என்று நம்புகிறவர், மனிதனிடம் விலை கேட்க முடியாது. தெல்லிப்பழையில் பிறந்த மெதடிஸ்தப் போதகர் டி. ரி. நைல்ஸ் (1908–1970), சாட்சி சொல்பவர் கொடையாளியாக நிற்கவில்லை, பசித்த ஒருவர் பசித்த இன்னொருவரிடம் பேசும் நிலையில் நிற்கிறார் என்ற கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றார். அந்த நிலையில் நிற்பவருக்கு, கணக்குக் கேட்கும் உரிமை கிடையாது.

இப்படிப் பார்த்தால் கிருபையா கிரியையா என்ற தேர்வு நாம் நினைத்த இடத்தில் இல்லை. நற்செயலை விடுவதற்குக் கிருபை ஒரு சாக்கு ஆகாது. ஆக்கினால் நொக்ஸின் அடிமைக் கப்பலில் போய் முடியும். நற்செயலால் கிருபையை வாங்கவும் முடியாது. முயன்றால், ஆட்சி மாறியதும் உதிர்ந்த ஒல்லாந்தர் காலத் தோம்பாகும். கிருபை செய்வது, நற்செயலுக்கு இருந்த விலையை நீக்குவது. பிலிப்பிச் சிறைக்காவலன் காயம் கழுவியபோது கைதிகளிடமிருந்து அவன் பெற வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

இந்தக் கரையில் அதற்கு ஒரு நடைமுறைச் சோதனை உண்டு. சபையிடமிருந்து உதவி பெற்ற மூதூர்க் குடும்பம் ஒன்று, மறுநாள் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ விகாரைக்கோ போனாலும், அடுத்த வாரமும் அதே உதவி அதே முகத்தோடு கிடைக்குமா? கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற சபை, மதமாற்றத் தடை மசோதாவை எதிர்த்து நீதிமன்றம் போகும்போது தலைநிமிர்ந்து போகலாம். சொல்ல முடியாத சபை, ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை கிருபை என்று பிரசங்கித்தாலும், வாரம் முழுதும் கிரியை வியாபாரம்தான் செய்துகொண்டிருக்கிறது.